மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்றார்கள்

இருக்கன்குடி மாரியம்மனை நம்பியிருக்கும் எல்லாருக்கும் வணக்கம். அவள் எனக்குச் செய்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல்லைப் பிடுங்கினால் வலிக்கும். நன்றாகவே வலிக்கும். அம்மன் பெயரைச் சொன்னேன், வலியே தெரியவில்லை என்று எழுதினால் உங்களுக்குப் படிக்க இதமாக இருக்கும். ஆனால் அவள் பெயரால் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். மிஷினிலிருந்து காலண்டர் தாள் வர வர, நான்கு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பது என் வேலை. மயிரிழை விலகினாலும் சாமி படத்துக்கு உதடு இரண்டாகத் தெரியும். பதினெட்டு வருடமாக இந்தக் கண்களை வைத்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

போன வருடம் ஆவணி மாதம், காலண்டர் சீசன் சூடு பிடித்திருந்த நேரம். மேல்வரிசையில் இடது பக்கத்துக் கோரைப்பல் வலிக்க ஆரம்பித்தது. சொத்தை. பிடுங்கிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். லீவு கூடச் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரின் அக்கா, சரோஜா மதினி, வீட்டுக்கு வந்தார்.

“ஏத்தா, கூறு இருக்கா உனக்கு? மேல்பல்லுல கைய வைக்காத. அது கண்ணு நரம்போட போயிச் சேருது. மல்லாங்கிணத்துல எங்க சின்ன மாமனாரு இருக்காகள்ல, பல்லப் பிடுங்கித்தான் ஒத்தக் கண்ணு போச்சு. நீ கண்ண வச்சுப் பொழைக்கிறவ, பாத்துக்கோ.”

கடைசியாகச் சொன்னதுதான் என்னை முடக்கிவிட்டது. அதன் பிறகு தெருவில் யாரிடம் பல்வலி என்று சொன்னாலும் ஆளுக்கொரு கண் போன கதை வைத்திருந்தார்கள். நேரில் பார்த்தேன் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அதைக் கேட்கிற புத்தியும் எனக்கு அப்போது இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அவர்கள்மேல் பாதி, என்மேல் பாதி.

ஒரு மாதம் ஓட்டினேன். கிராம்பை அடக்கினேன். பெருங்காயத்தைப் பொடித்து வைத்தேன். உப்புத் தண்ணீரைக் கொப்பளித்தே வாய் வெந்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். தினமும் விளக்கு ஏற்றி அம்மனிடம் கேட்டேன். “தாயே, பல்லைப் பிடுங்காமலே இந்த வலியை எடுத்துவிடு. என் கண்ணை விட்டுவிடு. வெள்ளியில் கண் போலச் செய்த கண்மலர் வாங்கி உனக்குச் சாத்துகிறேன்.” வலி ஒரு இம்மிகூடக் குறையவில்லை. அழுதேன். சாப்பிட முடியாமல் கஞ்சியைக் குடித்துக்கொண்டு அழுதேன்.

புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை காலையில் கன்னம் வீங்கியிருந்தது. இடது கண் பாதி மூடியிருந்தது. காய்ச்சல் வேறு. பல்லைப் பிடுங்காமலே கண் போகிறதே என்று பதறினேன். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். நான் இருக்கன்குடிக்குத்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்தேன். வரிசையில் நின்று சன்னதிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கண் முழுக்க மூடிக்கொண்டது.

பூசாரி என் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு, என்ன என்று கேட்டார். சொன்னேன். கண்ணில் தீர்த்தம் போடச் சொன்னேன். தெளித்தார்.

“தீர்த்தம் போட்டாச்சு. இனி இங்கன நிக்காதீக. நேரா சாத்தூருக்குப் பஸ் ஏறிப் பல்லு டாக்டரப் பாருங்க. ஆத்தா எங்கயும் போயிர மாட்டா. அவள அப்புறம் வந்து கும்பிட்டுக்கிடலாம்.”

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன்! ஒரு மாதம் அழுது கேட்டவளுக்கு இதுதானா பதில்? அங்கேயே நின்று அவளைத் திட்டினேன். மனதுக்குள் இல்லை, வாய்விட்டே திட்டினேன். “உன்கிட்ட வந்தா நீ என்னய பஸ் ஏத்தி விடுறியா? இதுக்கா நான் வந்தேன்?” பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். திட்டிக்கொண்டேதான் பஸ் ஏறினேன்.

சாத்தூரில் ஒரு பெண் டாக்டர். வாயைத் திறந்து பார்த்ததும் அவர் முகம் மாறியது. “இம்புட்டு நாளா எங்கம்மா இருந்தீக?” என்றார். பல்லை எடுத்தால் கண் போய்விடுமா என்று கேட்டேன். “பல்லு நரம்பு வேற, கண்ணு நரம்பு வேற. இத எடுக்காம வச்சிருக்கீகளே, அதுதான் கண்ணுக்கு ஆபத்து. சீழு மேல ஏறிக்கிட்டு இருக்கு. இன்னைக்கே எடுக்கணும்.”

ஊசி எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று சொல்லி நர்ஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டார். எந்த ஊர் எறும்பு அது? மேலண்ணத்தில் அந்த ஊசி இறங்கியபோது என் உள்ளங்கால் வரைக்கும் வலித்தது. சீழ் கட்டிய இடத்தில் மருந்து சரியாகப் பிடிக்காதாம். அதை ஊசி போட்ட பிறகுதான் சொன்னார்கள். இன்னொரு ஊசி போட்டும் அரைகுறையாகத்தான் மரத்தது. மரப்பெட்டியில் ஆணி பிடுங்குகிற மாதிரி இடுக்கியால் இப்படியும் அப்படியும் அசைத்தார். நறநறவென்ற சத்தம் என் மண்டைக்குள்ளேயே கேட்டது. “தாயே, தாயே” என்று கத்தினேன். வலி குறையவில்லை. ஆனால் கத்துவதற்கு ஒரு பெயர் இருந்தது. அதுவும் இல்லாதவர்கள் அந்த நாற்காலியில் என்ன செய்வார்களோ, எனக்குத் தெரியாது.

பல் வந்தது. அதோடு சீழும் வந்தது. டாக்டர் ஊசியும் மாத்திரையும் கொடுத்து, மறுநாளும் வரச் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் கண் திறந்தது. ஓடிப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் முன்னால் நின்றேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, அடியில் இருக்கும் பொடி எழுத்தை வாசித்தேன். ராகுகாலம், எமகண்டம், ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். கண்ணை விட்டுவிடு என்றுதானே கேட்டேன்? விட்டுவிட்டாள். எப்படி விட வேண்டும் என்று நான் அவளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! பஸ் ஏறு என்றதுதான் அவள் பதில். அதைக் கேட்டுத்தான் நான் அவளைத் திட்டியிருக்கிறேன்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கண்மலர் சாத்தப் போனேன். மதினியும் வந்தார். கோயில் வாசலில், “அந்தா, எங்க சின்ன மாமனாரு!” என்று கையைக் காட்டினார். பேரனுக்கு முடி இறக்க வந்திருந்தாராம். ஒரு கண் இல்லை. கையில் முழுக் கரும்பு. அதன் தோலைப் பல்லாலேயே பட்டை பட்டையாக உரித்துத் துப்பிக்கொண்டிருந்தார்.

நேரே போய்க் கேட்டேன். “சித்தப்பா, எந்தப் பல்லப் பிடுங்குனீக?”

“பல்லா? நான் எங்கத்தா பிடுங்குனேன்? முப்பத்திரண்டும் அப்படியே இருக்கு, எண்ணிப் பாக்கியா? கண்ணு வெறகு வெட்டயில போச்சு. கருவேல முள்ளு குத்தி.”

திரும்பி மதினியைப் பார்த்தேன். “எங்க அத்தை அப்படித்தான் சொன்னாக” என்று சொல்லிவிட்டு அவர் பூக்கடைப் பக்கம் நடந்தார். ஒரு மாதம் என்னைத் துடிக்க வைத்த கதை அது. கோயில் வாசல் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். உள்ளே போய்க் கண்மலரைச் சாத்தினேன். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

இப்போதெல்லாம் நான் அவளிடம் கேட்பதைக் கேட்டுவிட்டு, பதில் யார் வாயிலிருந்து வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பல் வலித்தால் அவளைக் கூப்பிடுங்கள். அவள் வருவாள், என்னை நம்புங்கள். கூப்பிட்டுவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மேல்பல்லைப் பிடுங்கிக் கண் போன ஆளைத் தெரியும் என்று யாராவது சொன்னால், அந்த ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். போகும்போது கையில் ஒரு கரும்பு கொண்டு போங்கள்.