மஞ்சள் சீட்டு வராத நான்கு வருடங்கள்

கீரனூரிலிருந்து திருச்சிக்குப் போகும் காலை பஸ்ஸில், பக்கத்தில் உட்காருகிறவர்கள் என்ன வேலை என்று கேட்டால் நான் பெரும்பாலும் பொய்தான் சொல்வேன். "கம்பெனியில ஆபீஸ் வேலைங்க" என்று முடித்துவிடுவேன். ஒருமுறை உண்மையைச் சொல்லப்போய், "ரயிலுக்கா? அப்ப எங்களுக்கு டிக்கெட் எடுத்துத் தருவீங்களா?" என்று ஓர் அம்மா களமாவூர் வரும்வரை என்னை விடவில்லை.

உண்மை இதுதான். தனியாக எஞ்சின் இழுக்காமல், தன் மோட்டாரைத் தானே சுமந்துகொண்டு ஓடும் ரயில்பெட்டிகள் இருக்கின்றன. அந்த மோட்டார் பயணிகளின் காலுக்குக் கீழே தொங்குகிறது. பெட்டிக்கு அடியில் நான்கு சக்கரங்களையும் மோட்டாரையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புச் சட்டம் ஒன்று உண்டு. அதுதான் போகி. ஊரில் எல்லாரும் பெட்டியையே போகி என்கிறார்கள். நானும் திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அந்தச் சட்டத்தை இன்னும் உறுதியாக வரைவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் மாடியில் வரைவேன். கீழே ஷெட்டில் அதைப் பற்றவைப்பவர்களில் ஒருவர் என் கணவர். குடுமியான்மலைப் பக்கத்துக்காரர். ஐடிஐ படித்துவிட்டு நேராக வெல்டிங்குக்கு வந்தவர். நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போவோம். இடம் இருந்தாலும் உட்கார மாட்டார். நாள் முழுக்கக் குத்தவைத்து வேலை செய்கிற முட்டி, நிற்கும்போதுதான் சும்மா இருக்கிறதாம்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வரைபடத்தில் இருப்பதை இரும்பில் செய்ய முடியாது என்று வெல்டருக்குத் தோன்றினால், ஒரு மஞ்சள் சீட்டில் காரணத்தை எழுதி மாடிக்கு அனுப்பலாம். பெயர் போடக்கூடாது. தன் முத்திரை எண்ணை மட்டும் போடவேண்டும். ஒவ்வொரு வெல்டரும் தான் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் சுத்தியலால் அடித்துப் பதிக்கிற எண் அது. சீட்டு வந்துவிட்டால், வரைந்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஷெட்டுக்கு இறங்கிப் போயாக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வந்த முதல் சீட்டு இப்படி இருந்தது: "இந்த இடத்துக்குள் கை போகவில்லை. வரைந்தவர் வந்து கையை விட்டுப் பார்க்கவும்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தடதடவென்று இறங்கிப் போனேன். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். "ஏன் போகாது?" என்று கேட்டபடியே கையை விட்டேன். முழங்கையோடு மாட்டிக்கொண்டது. அவர் கிரீஸ் டப்பாவை எடுத்துவந்து தடவி என் கையை வெளியே எடுத்தார். எடுத்து முடித்த பிறகுதான், "இப்பத் தெரியுதுங்களா மேடம்?" என்றார்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து பதினோரு சீட்டுகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் சண்டைபோடத்தான் இறங்கினேன். கடைசி இரண்டு மூன்று சீட்டுகளுக்குத் தலையைச் சீவிக்கொண்டு இறங்கினேன். விஷயம் வீட்டுக்குத் தெரிந்தபோது அம்மா, "இன்சினியருக்குப் படிச்சுப்புட்டு வெல்டரவா கட்டிக்கிறேங்குற?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அம்மாவுக்கு மகளைவிட மருமகன்தான் உசத்தி. அது வேறு கதை.

கல்யாணத்துக்குப் பிறகு நான்கு வருடங்களில் எனக்கு அவரிடமிருந்து ஒரு சீட்டுகூட வரவில்லை. நான் தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

அப்போதுதான் அந்த வேலை வந்தது. ஓடிக்கொண்டிருந்த பழைய சட்டங்களில், மோட்டாரைத் தாங்கும் கை குறுக்குத் தூலத்தோடு சேர்கிற மூலையில் விரிசல் விடுகிறது, உறுதியாக்கித் தாருங்கள் என்றார்கள். என் தலைமையில் வந்த முதல் வேலை. கம்ப்யூட்டரில் அந்த மூலை செக்கச்செவேலென்று தெரிந்தது. சிவப்பு என்றால் இரும்பு அங்கே அதிகம் வருந்துகிறது என்று அர்த்தம். நான் அந்த மூலைக்குள் தடிமனான பட்டை ஒன்றைச் சேர்த்தேன். சிவப்பு பச்சையானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வரைபடத்தின் மூலையில் என் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக் கீழே அனுப்பினேன்.

ஒரே மாதிரி இரண்டு சட்டங்கள் செய்யச் சொன்னார்கள். முதல் சட்டத்தை அவர்தான் பற்றவைத்தார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஆசையாகக் கேட்டேன்.

"எப்படிங்க இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

இடது மணிக்கட்டை மற்றக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். விலக்கிப் பார்த்தால், விரலளவுக்கு ஒரு தீக்காயம். வெல்டருக்குச் சூடு பட்டது ஒரு சேதியா என்று நானும் மேலே கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மருந்து தடவிவிட்டேன். வலது கைக்காரருக்கு இடது மணிக்கட்டில் எப்படிக் காயம் பட்டது என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அந்தச் சட்டத்தைச் சோதனை மேடையில் ஏற்றினார்கள். ரயில் ஓடும்போது படுகிற பாட்டை எல்லாம் இங்கேயே படவைக்கும் மேடை அது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கைகள் லட்சக்கணக்கான முறை அழுத்தும், இழுக்கும். அவ்வப்போது நிறுத்திச் சிவப்பு மை தெளித்துத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பூச்சை அடிப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மை வெள்ளைக்கு மேலே ஊறி வரும். குறித்த எண்ணிக்கையில் பாதிகூடத் தாண்டவில்லை. என் பட்டையின் ஓரத்தில் மயிரிழைபோல ஒரு சிவப்புக் கோடு வந்தது.

அந்த இடத்தை அறுத்துப் பார்த்தார்கள். பற்று, அதாவது பற்றவைத்த இணைப்பு, அடிவரை உருகி இறங்கவில்லை. பக்கத்தில் அவருடைய முத்திரை எண் பதிந்திருந்தது. தரம் பார்க்கும் அதிகாரி ஒரே வரியில் எழுதிவிட்டார்: வெல்டர் பிழை. இரண்டு நாள் கழித்து விசாரணைக் கூட்டம். அதில் அப்படியே முடிவானால் முத்திரையைப் பிடுங்கிவிடுவார்கள். பிறகு அவர் சட்டங்களைத் தொடவே முடியாது, மற்றவர்கள் பற்றவைத்ததைத் தேய்த்துக் கொடுக்கும் வேலைதான். பதினொரு வருடமாக அவர் பற்றவைத்த ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. சந்தையில் இரும்புக் கதவைப் பார்த்தால்கூடப் பற்றைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அந்த மனிதருக்குத் தேய்க்கிற வேலையா?

நான் அன்று செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அவரைப் பிடித்துக் கத்தினேன்.

"எப்படிங்க கை தப்பும்? அதுவும் என் சட்டத்துலயா தப்பணும்?"

"தப்பிருச்சு போல. விடு புள்ள" என்று சொல்லிவிட்டு, காயப்போட்ட துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். என் சேலையை நான்கு மூலையும் ஒன்றாகச் சேர்த்து அத்தனை நிதானமாக மடித்தார். எனக்கு அதற்கும் கோபம் வந்தது.

மறுநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது ஷெட்டுக்குப் போனேன். அவரைத் திட்டியது என்னவோ மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டாவது சட்டம் பற்றவைக்காமல் திருப்பு மேடையில் கிடந்தது. அவருடைய முகமூடியை மாட்டிக்கொண்டு, மின்சாரம் கொடுக்காத வெல்டிங் டார்ச்சைக் கையில் எடுத்து, என் பட்டை இருக்கும் மூலைக்குள் நீட்டினேன். டார்ச் போனது, ஆனால் சாயவில்லை. தலையை உள்ளே விட்டால் முகமூடி இடித்தது. தலையை வெளியே எடுத்தால் அடி தெரியவில்லை. கிழக்கே திரும்பினேன், மேற்கே திரும்பினேன், மல்லாந்து பார்த்தேன். கடைசியில் டார்ச்சை இடது கைக்கு மாற்றி, மணிக்கட்டைப் பக்கத் தகட்டின் மேல் அழுத்திப் பிடித்தபோதுதான் முனை ஓரளவு போய்ச் சேர்ந்தது. என் மணிக்கட்டில் அந்தத் தகட்டின் ஓரம் பதிந்தது. விரலளவுக்கு.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தகடு அன்று கொதித்துக்கொண்டு இருந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத மூலையில், பழக்கமில்லாத கையால், வெந்துகொண்டே பற்றவைத்திருக்கிறார். அது அடிவரை எப்படி இறங்கும்?

டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இங்கிட்டு என்ன பண்ற? சாப்டியா?"

"ஏன் சீட்டு எழுதலை?"

அவர் டிபன் பாக்ஸின் மூடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"வேற யாரு வரைஞ்சிருந்தாலும் எழுதியிருப்பீங்கல்ல?"

டிபன் பாக்ஸை உதறி உதறித் தண்ணீரை வடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எழுதுனா நீ எறங்கி வரணும். அத்தன பேரும் வேடிக்க பாப்பாங்க. பொண்டாட்டியவே கீழ வரச்சொல்லி நிக்க வைக்கிறான் பாருன்னு பேசுவாங்க. ஒன்னைய அப்படி நிக்க வைக்க மனசு வரல."

"நாலு வருசமாவா?"

"ம்."

"எத்தன தடவ?"

"அது எதுக்கு இப்ப? மத்ததெல்லாம் எப்புடியோ சமாளிச்சுப்புட்டேன். இது ஒன்னுதான் முடியல."

நான் தேறவேயில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான்கு வருடமாக என் பிழைகளை எல்லாம் இவர் தன் முட்டியிலும் தோளிலும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவமானமாக இருந்தது. அதற்கு மேல், இந்த மனுஷன் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் பொங்கியது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "ஒங்க பாசத்துல தீயை வைக்க" என்று திட்டிவிட்டு அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய், கையில் வேறெதுவும் இல்லாமல் வெல்டிங் துணியை நீட்டினார். கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கரி.

கூட்டத்தில் எழுந்து, பிழை வரைபடத்தில்தான், அது என் பிழை என்று சொன்னேன். தரம் பார்க்கும் அதிகாரி சிரித்தார். "புரியுதுங்க மேடம். வீட்டுக்காரருக்காகப் பேசுறீங்க. ஆனா எண் அவரோடதுதானே?" என்றார். மற்றவர்கள் மேசையைப் பார்த்தார்கள். என் கணவர் கடைசி நாற்காலியில், விட்டுவிடு என்பதுபோலத் தலையை ஆட்டினார். விடுவேனா நான்?

"சார், என்னைய நம்ப வேண்டாம். நீங்களே வந்து கையை விட்டுப் பாருங்க."

அதிகாரி வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். முகமூடியை மாட்டினார், டார்ச்சைப் பிடித்தார். வலது பக்கம் போனார், இடது பக்கம் வந்தார், மண்டியிட்டார். ஷெட்டே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. கடைசியில் எழுந்து முகமூடியைக் கழற்றியபோது அவர் நெற்றியில் வேர்வை. "இதுக்குள்ள எப்படிய்யா வச்ச?" என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டார். அவர் இடது கையைக் காட்டினார்.

வெல்டர் பிழை என்ற வரியை அடித்துவிட்டு வரைபடப் பிழை என்று எழுதினார்கள், கீழே என் பெயர். அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு எனக்கு வரவில்லை. சீட்டு எழுதாததற்கு அவருக்கும் திட்டு விழுந்தது. சாதாரண இரும்புத் துண்டு ஒன்றைப் பற்றவைத்துக் காட்டிவிட்டு, விசாரணைக்காக வாங்கி வைத்திருந்த முத்திரையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள்.

நான் புதிதாக வரைய உட்கார்ந்தேன். தடிமனான பட்டை விறைத்துக்கொண்டு நின்றதால், மூலை வாங்கவேண்டிய வருத்தமெல்லாம் அதன் ஓரத்துப் பற்றில் போய்க் குவிந்திருக்கிறது. கை சரியாகப் போயிருந்தாலும் என்றைக்காவது அங்கேதான் விரிசல் விட்டிருக்கும். பட்டையை எடுத்துவிட்டேன். மூலையையே அகலமாக வளைத்து ஒரே தகட்டில் கொண்டுவந்தேன். பற்று வரும் இடத்தை மூலையிலிருந்து தள்ளி, இரும்பு அவ்வளவாக வருந்தாத இடத்துக்கு மாற்றினேன். பழையதைவிட எடையும் குறைந்தது. அந்தச் சட்டம் பிறகு சோதனை மேடையில் கடைசிவரை ஓடியது. வெள்ளைப் பூச்சு வெள்ளையாகவே இருந்தது.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த நாள் இல்லை, அதற்கு முந்தைய ஒரு நாள். புதிய வரைபடம் கீழே போன மறுநாள்தான் அவருக்கு முத்திரை திரும்பக் கிடைத்தது. காலையில் பஸ்ஸில் வழக்கம்போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினோரு மணி இருக்கும், என் மேசையில் ஒரு மஞ்சள் சீட்டு வந்து விழுந்தது. "இந்த இடத்துக்குள் கை போகவில்லை. வரைந்தவர் வந்து கையை விட்டுப் பார்க்கவும்." கீழே அவருடைய எண். திரும்ப வாங்கிய முத்திரை எண்ணை அவர் முதன்முதலில் போட்டது என் வரைபடத்துக்கு எதிராகத்தான்.

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பதைப் பக்கத்து மேசைப் பெண் பார்த்துவிட்டாள்.

"என்ன மேடம், பெரிய தப்பா?"

"ஆமாம்மா" என்றேன். வளையல்களைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கீழே இறங்கினேன்.