ஆறாவது போல்ட்

எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவருடைய வலது கால் தரையை ஒருமுறை அழுத்திப் பார்க்கும். தெருவில் யாராவது சைக்கிளில் வேகமாக வந்துவிட்டால் போதும், பேச்சு பேச்சாக இருக்க, கால் தன்பாட்டுக்கு மிதிக்கும். இருபத்திரண்டு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கற்பவரின் பக்கத்து இருக்கையில், தனக்கென்று வைத்த பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்தவர். தெருவில் அவருக்குப் பெயர் பிரேக் டீச்சர். வயது ஐம்பத்து நான்கு. ஒல்லி உடம்பு, குட்டை முடி. குரல் மட்டும் ஆளைவிடப் பெரிது.

பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். முதல் நாளே ஒரு குப்பைத்தொட்டியை இடித்துத் தள்ளினேன். அவர் திட்டவில்லை. "அது எப்பவும் அங்கதாங்க இருக்கு. நீங்கதான் அங்க இல்ல" என்றார்.

பயிற்சிப் பள்ளி கியர் இல்லாத கார்களுக்கு மாறியபோது, இனி இளையவர்கள் போதும் என்று முடிவு செய்தார்கள். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினாராம். வீட்டில் நிம்மதியாக ஓய்வெடுங்கள் என்றாராம். "எனக்குக் களைப்பா இருக்குன்னு நான் எப்பங்க சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு, கழித்துப்போட வைத்திருந்த பழைய பயிற்சிக் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் இவர். அதைச் சரிசெய்து, சொந்தமாகக் கற்றுக்கொடுப்பதாகத் திட்டம். மூன்று வருஷ மழையை வெட்டவெளியில் நின்று குடித்த கார் அது.

வீட்டின் முன்பகுதியில் தம்பி குடும்பம், பின்னறையில் இவர், நடுவில் ஒரு ஷெட். கார் ஷெட்டுக்குள் வந்ததும் தம்பிக்கு முகம் சுருங்கியது. அவருக்குக் காகிதக் கடை. பண்டல்களை அடுக்க இடம் வேண்டும். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பழைய இரும்பு எடுப்பவரிடம் பேசிவிட்டு, சனிக்கிழமை காலை லாரி வரும் என்று சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதற்குள் எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸ் பிரிந்துவிட்டால்?

எல்லா வேலையும் அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றது. கிளட்ச் மாற்றாமல் கார் நகராது. கியர்பாக்ஸைக் கழற்றாமல் கிளட்சைத் தொட முடியாது. பிரிந்தால் பார்க்கலாம் என்றார் தம்பி, பிரியாது என்கிற தைரியத்தில்.

புதன்கிழமை மெக்கானிக் வந்தார். இணைக்கிற போல்ட்டுகளை எல்லாம் கழற்றியாகிவிட்டது, ஆனாலும் இரண்டும் அசையவில்லை. "துருவுல ஒட்டி ரெண்டும் ஒரே உடம்பாயிடுச்சும்மா. நெம்பித்தான் எடுக்கணும்" என்று கடப்பாரையை இடுக்கில் கொடுத்தார். பிரேக் டீச்சர் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கியர்பாக்ஸின் கூடு அலுமினியம்; வேகமாக நெம்பினால் விரிசல் விட்டுவிடும், அப்புறம் பிரிந்தும் பிரயோஜனமில்லை. பிடித்த பிடியை அவர் விடுவதாக இல்லை. மெக்கானிக் சிரித்துவிட்டு, போகும்போது தன் ஜாக்கியை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

வியாழனும் வெள்ளியும் பிரேக் டீச்சர் காருக்கடியிலேயே குடியிருந்தார். துரு பிடித்த இடங்களில் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். பர்னரால் கூட்டைச் சூடுகாட்டினார். மர ஆப்புகளைச் சுற்றிலும் வைத்து, இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு என்று சமமாகத் தட்டினார். நான் எட்டிப் பார்த்தபோது, "கோபத்துல அடிச்சா ஆப்புதான் உடையுது. அதுக்கு என் கோபம் புரியல" என்றார். வெள்ளி மாலை, விரலளவு இடைவெளி விழுந்தது. அதோடு சரி. உள்ளே கிளட்ச் தகடு கியர்பாக்ஸின் தண்டோடு துருவேறி இறுகிவிட்டிருந்தது.

அப்போதுதான் தம்பி மனைவி ஷெட்டுக்குள் வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் ஒருமுறை கேட்டதற்கு, "நீ அயர்ன் பாக்ஸையே ரெண்டு தடவை எரிச்சவ" என்று புருஷன் சிரித்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை, மறக்கவும் இல்லை. அன்று வந்து, என்ன பிடிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

தகடு தண்டை விடாவிட்டால், தகட்டை எஞ்சினிலிருந்து விடுவித்து, கிளட்ச் மொத்தத்தையும் கியர்பாக்ஸோடு சேர்த்தே இழுத்துவிடுவது என்று பிரேக் டீச்சர் யோசனை செய்திருந்தார். அடியில் உள்ள சின்ன மூடியைக் கழற்றினால், கிளட்சை எஞ்சினோடு பிடித்திருக்கும் ஆறு போல்ட்டுகளில் ஒன்று தெரியும். அதைக் கழற்றிய பின் எஞ்சினைக் கொஞ்சம் சுற்றினால் அடுத்தது வரும். சனிக்கிழமை விடிந்ததும் தம்பி மனைவி முன்னால் நின்று நீள ஸ்பானரால் எஞ்சினைச் சுற்றினார். இவர் கீழே படுத்துக் கழற்றினார். ஐந்து வந்தன. ஆறாவதின் தலை மழுங்கிப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் லாரி.

தம்பி உள்ளே வந்து குனிந்தார். "அக்கா, போதும். வெளிய வா."

"இன்னும் ஒண்ணுதான்டா இருக்கு."

"மூணு நாளா இதையேதான் சொல்ற. அவரை எவ்வளவு நேரம் நிக்க வைக்கிறது?"

பதில் மேலேயிருந்து வந்தது. "உங்க அக்கா வர மாட்டாங்க. நானும் வர மாட்டேன். அவரை உட்காரச் சொல்லுங்க." கை முழுக்கக் கிரீஸோடு நின்ற மனைவியைத் தம்பி அப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

கீழே, ஒரு அளவு சிறிய ஸ்பானரை மழுங்கிய தலையில் சுத்தியலால் அடித்து இறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு முனகல். டக்கென்று ஒரு ஒலி. ஒடிந்துவிட்டதோ என்று, ஷெட் வாசலில் நின்ற நான் குனிந்து பார்த்தேன். "சுத்துது" என்றது காருக்கடியிலிருந்து குரல். வழக்கமான பெரிய குரல் இல்லை அது.

இரண்டு பெண்களுமாக, கியர்பாக்ஸைத் தாங்கி நின்ற ஜாக்கியைப் பின்னால் இழுத்தார்கள். கியர்பாக்ஸ் கிளட்சையும் சுமந்துகொண்டு, ஒரு கீறல் இல்லாமல் நழுவி வந்தது. பிரேக் டீச்சர் உடனே வெளியே வரவில்லை. எண்ணெய்க் கறையோடு சிமெண்டுத் தரையில் படுத்தபடி, வயிறு குலுங்கக் குலுங்க, சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

தம்பி கியர்பாக்ஸைச் சுற்றி ஒருமுறை நடந்தார். லாரிக்காரரிடம் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். லாரிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு ஏறி, லாரியைப் பின்னால் எடுக்கத் தொடங்கினார். குறுகலான தெரு. ஒருமுறை சுவரை உரசினார், இரண்டாம் முறை எதிர்வீட்டுக் கம்பிக் கதவை. மூன்றாம் முறை முயல்வதற்குள் பிரேக் டீச்சர் வெளியே வந்து, கதவைத் தட்டி, அவரைக் கீழே இறங்கச் சொன்னார். இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, காலி லாரியை ஒரே மூச்சில் தெருமுனை வரை பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு போனார். இறங்கினார். சாவியை லாரிக்காரரின் உள்ளங்கையில் வைத்து, அவர் ஏறியதும் கதவைத் தானே அடித்துச் சாத்தினார்.