விற்பனைக்கு ஜோடித்த அடுப்படி

கடப்பைக் கல் மேடையில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தால் இரண்டு நாளைக்குக் கல் புதிதுபோல் தெரியும். சித்தி கையில் கிண்ணமும் கிழிந்த பனியன் துணியுமாக நின்றிருந்த அன்றுதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். பத்திரிகையில் வீட்டுமனைப் பக்கத்தைப் பல வருடம் கவனித்தவன் நான். ஒரு வீடு விலைபோவதற்கு நிபுணர்கள் சொன்ன காரணங்களையெல்லாம் அச்சில் ஏற்றியிருக்கிறேன். எண்ணெய்க் கிண்ணத்தை யாரும் சொன்னதில்லை.

மந்தைவெளியில் இரண்டாம் மாடியில் இருந்தது சித்தியின் வீடு. லிஃப்ட் கிடையாது. சித்தப்பாவுக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோய், ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெதற்கும் அவர் கீழே இறங்குவதில்லை. ஆஸ்பத்திரிக்கும் நாற்காலியோடு தூக்கித்தான் இறக்குவார்கள். மகள் குடியிருக்கும் வேளச்சேரியில் லிஃப்ட் உள்ள வீடொன்றைப் பார்த்து வைத்திருந்தார்கள். இதை விற்றால்தான் அதை வாங்க முடியும். வாங்க வந்தவர்களோ ஹாலைப் பாராட்டிவிட்டு அடுப்படியைப் பார்த்ததும் கிளம்பினார்கள்.

"பார்ட்டி ஹால்ல சிரிச்சிக்கினு வருது, கிச்சனப் பாத்ததும் ரிவர்ஸ் எட்த்துடுதும்மா. இன்னா இருட்டு, இன்னா பிசுக்கு!" என்றார் வீட்டுத் தரகர்.

புதிய அலமாரி, புகைபோக்கி என்று செலவு செய்யும் நிலையில் அவர்கள் இல்லை. சித்தி இருப்பதைக் கொண்டே தொடங்கினார். சுவர் டைல்ஸ் இடுக்குகளை ஆப்ப சோடாவும் பழைய பல்துலக்கியும் வைத்துத் தேய்த்தார். குழாய்க்குப் புளி. ஜன்னல் கட்டையில் ஏதோ கல்யாணத்தில் மிஞ்சிய பெயின்ட். ட்யூப்லைட் போய் வெள்ளை பல்பு வந்தது. தேதிக் காலண்டரைக் கழற்றியபோது அதன் பின்னால் சுவரில் வெளிறிய சதுரம் ஒன்று தெரிந்தது. காலண்டர் பழைய ஆணிக்கே திரும்பியது. அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சித்தப்பா கேட்டார்: "பொண்ணு பாக்க வராங்களா, அடுப்பு பாக்க வராங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான். அன்னிக்கு உங்க அம்மா என்னையா பாத்தாங்க? நான் போட்ட காபியத்தான பாத்தாங்க."

எதை வைப்பது என்பதைவிட எதை மறைப்பது என்பதில்தான் சித்தியின் யோசனை ஓடியது. மேடைக்கடியில் பச்சை, நீலம், சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கும். ஊரே லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த வருடத்தில் வாங்கியவை. அவற்றை நிரப்பி மாடிக்குச் சுமந்தவர் சித்தப்பா. இப்போது தண்ணீர்க் கஷ்டம் இல்லை. குடங்களைத் தூக்கிப்போட மட்டும் சித்திக்கு மனம் வரவில்லை. அழகைக் கெடுக்கின்றன என்று குளியலறைக் கதவுக்குப் பின்னால் அடுக்கினார். சித்தப்பாவின் முழங்காலைப் பார்த்து மாடிப்படி யாருக்கும் நினைவுக்கு வரக்கூடாது என்று தரகர் சொன்னதால் அவரும் படுக்கையறைக்குப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த தம்பதிக்கு அடுப்படி பிடித்துவிட்டது. அந்தப் பெண் மேடையைத் தடவிக்கூடப் பார்த்தார். பிறகு குளியலறையை எட்டிப் பார்த்தவர் கதவை இழுத்தார்.

"தண்ணி கஷ்டமாங்க இங்க?"

"ஐயோ, இல்லவே இல்ல. எப்பவும் வரும்."

"அப்புறம் ஏங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

சித்தி குழாயைத் திறந்து காட்டினார். தண்ணீர் நன்றாகவே கொட்டியது. அவர்கள் அதைப் பார்த்தார்கள், நம்பவில்லை. சென்னையில் அடுப்படியில் நிற்கும் குடத்தை யாரும் கவனிப்பதில்லை. ஒளித்துவைத்த குடத்துக்கு ஒரே அர்த்தம்தான்.

"கொடத்த ஒளிக்கிறதும் கொலைய ஒளிக்கிறதும் ஒண்ணும்மா," என்று தலையில் கைவைத்துக்கொண்டார் தரகர்.

அடுத்து வந்தவர் தனியாக வந்த இளம்பெண், ராஜா அண்ணாமலைபுரத்தில் வாடகைக்கு இருப்பவர். அவர் வருமுன் சித்தி குடங்களைக் கழுவி, அடுப்படியிலேயே வரிசையாகக் கவிழ்த்திருந்தார். அவற்றின் பக்கத்தில் சித்தப்பா, மடியில் தட்டை வைத்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தரகர் முகம் போன போக்கை நான் கவனித்தேன். சித்தி கண்டுகொள்ளவில்லை. எந்த வருடம் தண்ணீர் வரவில்லை, லாரி எங்கே நின்றது, யார் சுமந்தது, இப்போது ஏன் விற்கிறோம் எல்லாவற்றையும் சொன்னார்.

அந்தப் பெண் சித்தப்பாவைப் பார்த்தார். "படி ரொம்பக் கஷ்டமா அங்கிள்?"

"ஏற வேண்டியதெல்லாம் ஏறியாச்சும்மா. எறங்கறதுதான் பாக்கி."

சிரித்துவிட்டார் அவர். தனக்குச் சின்ன வயதுதான், படி பரவாயில்லை என்றார். மறுவாரம் அந்தப் பெண்ணே மறுபடி வந்து பேசி முடித்தார்.

வீட்டு அலங்கார ஆலோசகர்களின் கட்டுரைகள் இன்றும் என் மேஜைக்கு வருகின்றன. சமையலறையில் கண்ணுக்கு உறுத்துவதை அகற்றுங்கள் என்றுதான் எல்லாமே தொடங்கும். தவறான யோசனை என்று சொல்லமாட்டேன். எண்ணெய் தேய்த்த கல் இல்லாவிட்டால் அந்தப் பெண் அவ்வளவு நேரம் நின்று கேட்டிருப்பாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.

காலி செய்த அன்று சித்தப்பா நாற்காலி வேண்டாம் என்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி, தானே இறங்கினார். கீழே வந்ததும் வண்டியில் ஏறாமல் தெருவில் நடக்கத் தொடங்கினார். சாமான் ஏற்றிய லாரிக்காரர் ஹாரன் அடித்தார். காலையிலிருந்து எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்த சித்தி அவர் ஜன்னலருகே போனார்.

"கொஞ்சம் இருப்பா. அவரு நடந்துட்டு வரட்டும்."