பொம்மையின் செருப்பைக் கழற்றிய பிள்ளை

வீடில்லாத குடும்பங்கள் கொஞ்ச காலம் தங்கிப் போகிற விடுதியில் நான் சமையல் செய்கிறேன். அடுப்படிக்குப் பக்கத்து அறைதான் விளையாட்டக்காவுடையது. பிள்ளைகள் வைத்த பேர் அது. எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது. முன்பு கிழிந்த மெத்தைகளைப் போட்டு வைத்திருந்த அறை. அவளே வெள்ளையடித்து, பாய் விரித்து, ஒரு தொட்டியில் மணல் நிரப்பி, பழைய மரப்பெட்டிக்குள் தட்டி வைத்துப் பொம்மை வீடு செய்தாள்.

பெரியவர்கள் பட்ட பாட்டை வாய்விட்டுச் சொல்லி ஆற்றிக்கொள்வார்கள், சின்னஞ்சிறுசுகள் விளையாடித்தான் சொல்லும் என்பாள். ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் இருந்து இந்த வேலையைக் கற்றவள். பார்க்கிறவர்களுக்கு இது வேலையாகவே தெரியாது. வாசல் காவலாளி, "இன்னைக்கு யாரும்மா ஜெயிச்சது, நீயா பிள்ளைங்களா?" என்று சீண்டுவார். அவள் இருப்பது அண்ணன் வீட்டு மாடி அறையில். அண்ணிக்காரியோ, என் நாத்தனாருக்குச் சொப்பு வைத்து விளையாடச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இவளும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று தாயோடு வந்தது. தாய் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். குடியிருந்த வீட்டை இழந்து பேருந்து நிலையத்திலும் கடை வாசல்களிலும் படுத்து எழுந்து வந்தவர்கள். பிள்ளை பேசவே இல்லை. யார் எப்போது எழுப்பித் துரத்துவார்களோ என்று செருப்போடுதான் படுக்கும். விளையாட்டறையிலும் அதற்கு ஒரே ஆட்டம். பொம்மை வீட்டுக் கட்டில், சட்டி, நாற்காலி எல்லாவற்றையும் தலையணை உறையில் போட்டு மூட்டை கட்டும். மூட்டையைக் கதவோரம் வைத்து, அதன் மேல் பொம்மையை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். மூட்டைக்காரி என்றே கூப்பிட ஆரம்பித்தோம்.

பார்க்கச் சகிக்காமல் விளையாட்டக்காவிடம், நீயே அவிழ்த்து வீடு கட்டிக் காட்டேன் என்று ஒருநாள் சொன்னேன்.

"அது அவ மூட்டைக்கா. அவதான் அவிழ்க்கணும். நான் கை வைக்கக் கூடாது" என்றாள்.

அவள் வேலை அப்படித்தான். கேள்வி கேட்க மாட்டாள், சொல்லியும் கொடுக்க மாட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, பொம்மை கிளம்பத் தயாராக இருக்கிறது என்று மெதுவாகச் சொல்வாள், அவ்வளவுதான். வாரக்கணக்கில் அதே மூட்டை, அதே கதவு.

பிறகு ஒருநாள் பிள்ளை தானாக முடிச்சை அவிழ்த்தது. கட்டிலைப் போட்டது. பொம்மையின் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்து, அதைப் படுக்கவைத்து, "இங்கதான் தூங்கணும்" என்றது. அதன் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் பேச்சு. மறுநாள் காலையில் அதன் தாய் அடுப்படிக்கு வந்து, ராத்திரி வெறுங்காலோடு தூங்கினாள் என்று சொல்லி என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அவசரப்பட்டு விட்டேனோ என்னவோ.

எங்கள் விடுதியில் வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடிப் பேசுவோம். கொஞ்சம் தேறியவர்களை ஊரின் அந்தப் பக்கத்துக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மோசமான நிலையில் வருகிறவர்களுக்கு இடம் கொடுப்பது வழக்கம். அங்கே வரிசையாகப் படுக்க இடம் உண்டு, விளையாட்டறை கிடையாது. இது விளையாட்டக்காவுக்கும் தெரியும். ஆனால் அந்த வாரக் கூட்டத்தில் அவளுக்குச் சந்தோஷத்தில் கண் மறைத்துவிட்டது. பிள்ளை பேசியதை, தூங்கியதை, ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். மேலாளரம்மாவும் மகிழ்ந்துபோய், அப்படியானால் அவர்களை மாற்றிவிடலாம் என்றார்.

விளையாட்டக்காவின் முகம் செத்துப் போயிற்று. இப்போதுதான் அவிழ்த்திருக்கிறாள், இன்னும் ஆறவில்லை என்று கெஞ்சினாள்.

"நல்லாயிட்டான்னு நீதானே சொன்ன? வாசல்ல பச்சைக் குழந்தையோட ஒருத்தி நிக்கிறா. அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

மேலாளரம்மா கெட்டவர் இல்லை. கேட்டதும் நியாயம்தான்.

கிளம்புகிற அன்று பிள்ளை விளையாட்டறைக்கு வந்தது. அதற்குள் தாய் ஆற்றாமையில், உனக்குச் சரியாகிவிட்டதாம், அதனால் அனுப்புகிறார்கள் என்று சொல்லியிருந்தாள். பிள்ளை எதையும் தொடவில்லை. நின்றபடியே கேட்டது.

"நான் பேசினதாலயா?"

"உன்னால இல்லடி தங்கம். நான் சொன்னதால."

பிள்ளை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனது. விளையாட்டக்கா எத்தனையோ தடவை அந்தக் கூடத்துக்குப் போய் வந்தாள். பிள்ளை அவளைப் பார்த்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளுமாம். பழையபடி பேச்சே இல்லையாம்.

இப்போது இரட்டைப் பிள்ளைகள் இருவர் வந்திருக்கிறார்கள். போன கூட்டத்தில் மேலாளரம்மா அவர்களைப் பற்றி விசாரித்தார். "இன்னும் அப்படியேதான் இருக்காங்க மேடம்" என்றாள் விளையாட்டக்கா. பொய் சொல்லி அறியாதவள்; குரல் பிசிறியது. கூட்டம் முடிந்து அடுப்படிக்கு வந்து, முதலில் கதவைச் சாத்தினாள். பிறகு என் காதோரம் குனிந்து, "அக்கா, சின்னது இன்னைக்குச் சிரிச்சுச்சு" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜன்னல் வழியே வாசல் தெரிந்தது. இடம் கேட்டு வந்த ஒரு குடும்பம் பைகளோடு நின்றிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். கடவுளிடம் இவளுக்காக வேண்டுவதா அவர்களுக்காக வேண்டுவதா என்று தெரியாமல், உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.