பிலோமினா ஏன் திட்டவில்லை?

போன வாரம் பிலோமினா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் பயந்துபோனேன்.

சிரித்ததற்கா என்று கேட்பீர்கள். பிலோமினாவைத் தெரிந்தவர்கள் யாரும் கேட்க மாட்டார்கள்.

கொடைக்கானலில் எங்கள் குடும்ப டாக்டரின் கிளினிக்கில், வாசலை ஒட்டி ஒரு மேஜை. அதற்குப் பின்னால் குல்லாவும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருப்பவள்தான் பிலோமினா. ரிசப்ஷனிஸ்ட். டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, கூட்டத்தை மேய்ப்பது எல்லாம் அவள்தான். இவற்றோடு இன்னொரு வேலையும் சம்பளமில்லாமல் செய்கிறாள் — திட்டுவது.

என்னை எப்படியெல்லாம் திட்டியிருக்கிறாள்! "மேடம், குடைய உள்ள கொண்டு வராதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? தரை பூரா தண்ணி கெடக்கு பாருங்க." இன்னொரு நாள், "தலவலின்னா தலவலின்னு மட்டும் சொல்லுங்க மேடம். பத்திரிகைக்கு எழுதுற மாதிரி இழுக்காதீங்க." அன்று காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தேவையா எனக்கு?

ஊரில் அவளைப் பற்றி எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "டாக்டர் தங்கமான மனுசன். வாசல்ல ஒண்ணு இருக்கே... சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான்."

ஆனால் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பிலோமினா திட்டினால் பயப்பட வேண்டியதில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். அவள் குரலைத் தணித்தால்தான் ஆபத்து. செண்பகனூரில் எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருவர் இருந்தார். ஒருநாள் அவர் படியேறி வரும்போது பிலோமினா எழுந்து போய்க் கையைப் பிடித்து, "மெதுவா வாங்க டீச்சர்" என்றாள். நானும் அன்று அங்கே இருந்தேன். அதற்குப் பிறகு டீச்சர் அந்தப் படியில் அதிக நாள் ஏறவில்லை.

இப்போது புரிகிறதா, அவள் சிரித்ததும் நான் ஏன் பயந்தேன் என்று?

காரணம் இன்னொன்றும் இருந்தது. அன்றைக்கு எனக்கு ரிப்போர்ட் வரும் நாள். கழுத்தில் ஒரு கட்டி. ஊசி குத்தி எடுத்து மதுரைக்கு அனுப்பியிருந்தார்கள். புற்றா இல்லையா என்று அந்தக் காகிதம்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்கும் சேர்த்து அவர் பயப்படுவார். அவருக்குச் சமாதானம் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழும். அதற்கெல்லாம் தெம்பில்லை, விடுங்கள். மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அட்டுவம்பட்டியிலிருந்து வெள்ளனே கிளம்பி வந்துவிட்டேன்.

மழைத் தூறல். ஈரக் குடையோடு நேராக உள்ளே போனேன். வேண்டுமென்றேதான். தண்ணீர் சொட்டச் சொட்ட மேஜை முன்னால் நின்றேன். திட்டட்டும். திட்டிவிட்டால் போதும்.

"வாங்க மேடம். குட் மார்னிங். குடைய இப்படிக் குடுங்க, நான் வைக்கிறேன். உக்காருங்க. ரொம்பக் குளிருதா?"

முடிந்தது கதை.

உட்கார்ந்தேன். என்னென்ன யோசனை! மதுரைக்கு எத்தனை தடவை அலைய வேண்டியிருக்கும், கூட யார் வருவார்கள், வீட்டுக்காரருக்கு ரசம் வைக்கக்கூடத் தெரியாதே... செத்துப் போவதைவிட அதற்கு முன்னால் இருக்கும் அலைச்சலை நினைத்துத்தான் அதிகம் களைப்பாக இருந்தது. அழக்கூட அலுப்பாக இருந்தது.

கவுஞ்சியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பூண்டு விவசாயி. பல தடவை இங்கே பார்த்திருக்கிறேன். செருப்பில் தோட்டத்து மண் அப்படியே இருந்தது. வழக்கமாக இதற்கே ஒரு பிரளயம் நடக்கும்.

"வாங்கய்யா. குட் மார்னிங். உக்காருங்க, கூப்பிடுறேன்" என்றாள் பிலோமினா.

பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெல்லக் கேட்டார். "ஏம்மா, அந்தப் புள்ள என்னய வையலியே. எனக்கு என்னமும் ஆயிப்போச்சா?"

"என்னையும் திட்டலங்க" என்றேன்.

"அடக் கடவுளே" என்றார். எனக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா தெரியவில்லை.

அதற்குப் பிறகு கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். அவளுக்கும் குட் மார்னிங். இருமிக்கொண்டே ஒரு டிரைவர் வந்தார். அவருக்கும் "உக்காருங்க சார்." எல்லோருக்கும் அதே சிரிப்பு, அதே வார்த்தை. வழக்கமாகச் சந்தைக்கடை மாதிரி இருக்கும் இடத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

எல்லோருக்கும்தானே சிரிக்கிறாள், எனக்கு மட்டும் இல்லையே என்று கொஞ்சம் மூச்சு வந்தது. உடனே இன்னொரு பயமும் வந்தது. எல்லோரிடமும் சிரித்தால் எனக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடுமா? இத்தனை பேரில் ஒருவருக்கு உண்மையிலேயே அந்தச் சிரிப்பு என்றால், அது யார் என்று எப்படித் தெரியும்?

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரே நிறப் புடவை கட்டிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரே மாதிரி சிரிப்பார்கள். அங்கே சாவுக்கும் சளிக்கும் ஒரே சிரிப்புதான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நம் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை? ம்ஹும்.

என் முறை வந்தது. டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணும் இல்லம்மா. சாதாரணக் கட்டிதான். புற்று கிடையாது. அப்பப்ப வந்து காட்டிட்டுப் போங்க, போதும்."

அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன்? சந்தோஷம் வர வேண்டாமா? வந்தது. ஆனால் களைத்துப் போய்த்தான் வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது.

நேராக பிலோமினாவிடம் போனேன். "ஏன் என்னைத் திட்டல? பயத்துலயே செத்திருப்பேனே!"

அவள் டாக்டர் அறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சீசனுக்கு ஒரு ஃபேமிலி வந்தாங்க மேடம். மலை ஏறினதுல பிள்ளைக்கு வாந்தி. அந்த ஆளு நேரா டாக்டர் ரூமுக்குள்ள போறாரு. உள்ள ஒரு அம்மாவப் படுக்க வச்சு டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காரு. 'சார், மலை ஏறுனா எல்லாருக்கும் வர்ற வாந்திதான், உக்காருங்க'ன்னு கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன். ஊருக்குப் போயி நெட்டுல ஒத்த ஸ்டார் போட்டுட்டாரு. 'டாக்டர் நல்லவர், வாசலில் இருக்கும் பெண்ணுக்கு இரக்கமே இல்லை'ன்னு."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"அவரு என்ன சொல்வாரு... சென்னைல இருக்கிற அவரு பொண்ணு பாத்துட்டு அவருக்கு அனுப்பிருக்கு. 'கொஞ்சம் பாத்துப் பேசும்மா'ன்னாரு. அவ்ளோதான்." மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தாள். "அவருக்குக் கோவமே வராதுன்னு ஊரே சொல்லுது. எப்படி வரும்? அவருக்கு வர வேண்டிய கோவம் பூராவும் எனக்குத்தான வருது. காலைல இருந்து சிரிச்சுச் சிரிச்சு தாடை வலிக்குது மேடம்."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதானே? ஒரு நோயாளியிடம் டாக்டர் நிதானமாகக் கேட்டுப் பேச வேண்டுமானால், மற்ற எல்லோரையும் ஒருவர் அதட்டி உட்கார வைத்தாக வேண்டும். நல்ல பெயர் அவருக்கு, கெட்ட பெயர் இவளுக்கு. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். உலகத்தில் தங்கமான மனுஷன் என்று பெயர் வாங்கிய யாரை வேண்டுமானாலும் பாருங்கள், வாசலில் ஒரு பிலோமினா இருப்பாள். பல வீடுகளில் அவளுக்குப் பெயர் மனைவி.

"ரிப்போர்ட்ல ஒண்ணுமில்ல பிலோமினா. புற்று இல்லையாம்" என்றேன்.

அவள் கண்ணை மூடி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அதற்குள் மனப்பாடம் செய்து வைத்திருந்த வார்த்தை ஞாபகம் வந்துவிட்டது போல. "தேங்க்யூ மேடம். இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்" என்றாள்.

"சகிக்கல. ஒரு தடவ திட்டேன்."

மறுபடி கதவைப் பார்த்தாள். பிறகு ஒரு மூச்சில் கொட்டினாள். "பின்ன என்ன மேடம்? இம்புட்டுப் பெரிய விஷயத்துக்கு ஒத்தையில வந்து உக்காந்திருக்கீங்க. வீட்டுல சாருன்னு ஒருத்தர் இருக்காரா இல்லையா? படிச்சு என்ன பிரயோஜனம்? வழிய மறைச்சுக்கிட்டு நிக்காம வெரசாப் போயி அவருகிட்டச் சொல்லுங்க. குடைய மறந்துட்டுப் போயி என் உசுர வாங்காதீங்க!"

அப்பாடா! அப்போதுதான் எனக்கு ஒன்றுமில்லை என்று எனக்கே நம்பிக்கை வந்தது. அதுவரை வராத அழுகையும் அப்போதுதான் வந்தது.

பின்னாலிருந்து கவுஞ்சிப் பெரியவர் எழுந்து வந்தார். மண் ஒட்டிய செருப்பை மேஜைக்கு நேராக நீட்டிக் காட்டினார். "ஏத்தா, அப்படியே என்னயும் ரெண்டு வார்த்த வஞ்சிரு. தைரியமா உள்ள போவேன்ல."

வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லி, அவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு அவருடைய போனை வாங்கி, அந்த ஒற்றை நட்சத்திரத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். அதற்குக் கீழே ஐந்து நட்சத்திரம் போட்டு என் வாழ்க்கையின் முதல் மதிப்புரையை எழுதினேன்.

"நன்றாகத் திட்டுவார்கள். நம்பிப் போகலாம்."