சித்ராதேவி பெயரில் வந்த ரிப்போர்ட்

"சித்ராதேவி!"

நர்ஸ் மாரக்காள் மூன்றாம் முறை கூப்பிட்ட பிறகுதான், கூப்பிடுவது தன்னைத்தான் என்று முத்துப்பேச்சிக்கு உறைத்தது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இது சகஜம். ஒருத்தி வராத நாளில் இன்னொருத்தி அவள் அட்டையைப் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பாள். செக்கிங்கில் பத்து வருடமாக, ஓட்டை விழுந்த பனியன்களுக்கு அம்புக்குறி ஒட்டும் முத்துப்பேச்சிக்கும் அந்தப் பழக்கம் உண்டு. போன மாதம் உதிரப்போக்கு நிற்காமல் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவள், ஊருக்குப் போய்விட்ட பக்கத்து வீட்டுச் சித்ராதேவியின் பெயரைச் சொல்லிவிட்டாள். சொந்தப் பெயர் கோவையில், வேறொரு ஆஸ்பத்திரி நோட்டில் இருந்தது. லாரி ஓட்டிய புருஷன் விட்டுப்போன எச்.ஐ.வி.க்கு மூன்று வருடமாக அங்கேதான் மாத்திரை வாங்குகிறாள். விஷயம் வெளியே தெரிந்தால் லைன் வீட்டில் எவள் முகம் கொடுத்துப் பேசுவாள்?

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பிரித்தார். "கர்ப்பப்பை வாயில கேன்சர்மா. ஆரம்பம்தான், குணப்படுத்தலாம். வேற எதுக்காச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா? மறைக்காம சொன்னாத்தான் சரியா வைத்தியம் பண்ண முடியும்."

"இல்லைங்க மேடம்."

வாய் முந்திக்கொண்டது. யாருக்குக் கேன்சர்? சித்ராதேவி ஆண்டிபட்டியில் நன்றாகத்தானே இருக்கிறாள்! அப்படியானால் தனக்கா? ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது, ஓர் உடம்புக்கு இரண்டா? விடாமல் விழுங்கிய மாத்திரைதான் இதையும் கொண்டுவந்ததா? "உங்களுக்கு இது வர்ற வாய்ப்பு அதிகம், வருஷா வருஷம் பாத்துக்கணும்" என்று கோவையில் சொன்னார்களே! தலையை ஆட்டிவிட்டுப் பஸ் பிடித்தாளே, பாவி!

எழுந்து வாசல்வரை போனவள் நின்றாள். ஓட்டையைப் பார்த்துவிட்டு அம்புக்குறி ஒட்டாமல் அவள் ஒரு பனியனையும் தள்ளியதில்லை. திரும்பி வந்தாள். பைக்குள் துணியில் சுற்றியிருந்த கோவை நோட்டை எடுத்து, ரிப்போர்ட்டின் மேல் வைத்தாள்.

"ரெண்டும் நான்தான் மேடம். அந்த மாத்திரையாலயா இது வந்துச்சு?"

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "இல்லம்மா. மாத்திரையை நிறுத்திடாதீங்க. அந்தக் கிருமி உடம்போட எதிர்ப்பு சக்தியைக் குறைச்சுருது. அதனாலதான் இது சுலபமா வருது. இனி கோவையிலயும் பேசி, சேந்தே பாப்போம்."

"ஏனுங்க, மூணு வாட்டி தொண்டை கிழியக் கத்துனனே!" என்றாள் மாரக்காள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இனி எந்தப் பேரைக் கூப்புடட்டுங்க?"

"முத்துப்பேச்சி."

சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயத்திலா, பாரம் இறங்கியதிலா என்று அவளுக்கே விளங்கவில்லை.