என் பகுதியில் ஆளே இல்லையாம்

சிறுசேரி ஆபீசில் எந்தத் தளம் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று டேட்டாவை அலசிச் சொல்வது என் வேலை. ஆள் நடமாட்டம் இல்லாத பகுதியில் ஏசி தானாக நிற்க சென்சார் வைக்கச் சொன்னதும் நான்தான். பாராட்டு வாங்கியவர் என் மேனேஜர். போகட்டும்.

இன்று மதியம் என் தலைக்கு மேலேயே ஏசி நின்றது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தார்.

"சென்சார் நல்லாத்தான் கீது சார். நீங்க ஆடாம அசையாம குந்திகினு இருந்தா அதுக்கு இன்னா தெரியும்? அப்பப்ப கைய ஆட்டுங்க."

ஆட்டினேன். ஏசி வந்தது.

மாலையில் மேனேஜர் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

"உங்க பகுதி பாதி நாள் காலியாவே இருக்கு சார். மண்டேல இருந்து அதை மூடுறோம். வேற சீட் பாத்துக்குங்க."

"தினமும் நான் அங்கதானே உக்காந்திருக்கேன்?"

"டேட்டா அப்படிச் சொல்லலையே சார். ரிப்போர்ட்டே நீங்க அனுப்பினதுதான்."

உண்மை. வாராவாரம் அனுப்புகிறேன். காலிப் பகுதிகளின் பட்டியலில் என் இடமும் இருந்ததை நானே கவனிக்கவில்லை.

இப்போது ஊரப்பாக்கம் பஸ்ஸில் நிற்கிறேன். உங்கள் ஆபீசில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் சொல்லுங்கள். என்னால் கரண்ட் செலவே ஆகாது, அதற்கு டேட்டா இருக்கிறது.